குடும்பத்தோடு வெளி மாநிலம் போவதா? செட்டிநாட்டுக் குடும்பங்கள் முடிவெடுக்கும் முன் எழுதிப் பார்க்க வேண்டிய ஐந்தொகை

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கோட்டையூர், புதுவயல் என்று நம் பகுதியின் எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும், பெங்களூரில் நல்ல வேலை வந்திருக்கிறது, குடும்பத்தையும் அழைத்துக்கொண்டு போய்விடலாமா என்று யோசிக்கும் வீடு ஒன்றாவது இருக்கும். அத்தகைய குடும்பங்களுக்காகவே இதை எழுதுகிறேன். 2014 முதல் 2017 வரை மனைவி, இரண்டு பிள்ளைகள், சில மாதங்கள் என் தாயார் ஆகியோருடன் பெங்களூரில் வசித்துவிட்டுக் காரைக்குடிக்குத் திரும்பியவன் என்பதால் எடுத்துக்காட்டுகளை அந்த நகரத்திலிருந்தே தருகிறேன். ஹைதராபாத்துக்கோ புனேக்கோ போகிறவர்களுக்குச் சட்டங்களும் தொகைகளும் மாறும். யோசிக்க வேண்டிய வரிசை மாறாது.

முதலில் ஓர் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போன நம் ஊர்க்காரர்கள் பெரும்பாலும் மூன்றாண்டுக் கணக்குக்குத்தான் (தவணைக்குத்தான்) போனார்கள். கணக்கு முடிந்ததும் ஐந்தொகை (வரவு, பற்று, இருப்பு எல்லாம் சேர்ந்த முடிவுக் கணக்கு) எடுத்து, ஊருக்கு வந்து சில காலம் இருந்து, மறு கணக்குக்குப் போவதா இல்லையா என்பதை அதன் பிறகுதான் தீர்மானித்தார்கள். அந்த ஏற்பாட்டில் வீட்டுப் பெண்கள் பட்ட தனிமையை நான் மறைக்கவில்லை. குடும்பத்தைப் பிரித்து வைத்த அந்தப் பகுதி நமக்கு வேண்டியதில்லை. ஆனால் போகும்போதே காலவரையோடு போவது, காலம் முடிந்ததும் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பது என்ற இரண்டு பழக்கங்களும் இன்றைக்கும் அப்படியே பயன்படும். ‘நிரந்தரமாகப் போகலாமா?’ என்று கேட்டால் எந்தக் குடும்பத்துக்கும் விடை கிடைக்காது. ‘மூன்று ஆண்டுகளுக்குப் போகலாமா, போனால் எந்த மாதத்தில் போவது, எந்த வகுப்புக்கு முன்னால் திரும்பிவிட வேண்டும்?’ என்று கேட்டால் விடை கிடைக்கும்.

முதல் படி: வரவையும் பற்றையும் எழுதுங்கள்

நிறுவனம் சொல்லும் ஆண்டுத் தொகையை வைத்து முடிவெடுக்காதீர்கள். அதில் நிறுவனம் செலுத்தும் வருங்கால வைப்பு நிதிப் பங்கு, பணிக்கொடைக்கான ஒதுக்கீடு, கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் எழுதிவைக்கும் ஊக்கத்தொகை எல்லாம் சேர்ந்திருக்கும். மாதம் கையில் வரும் தொகை எவ்வளவு என்று மனிதவளப் பிரிவிடம் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒரு மாதிரிக் கணக்கைப் பார்ப்போம். காரைக்குடியில் சொந்த வீட்டில் இருந்துகொண்டு மாதம் 48,000 ரூபாய் சம்பாதிக்கும் ஒருவர், 32,000 ரூபாய் செலவுபோக 16,000 ரூபாய் மிச்சம் பிடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பெங்களூரில் அவருக்குக் கையில் 85,000 ரூபாய் வரும். வீட்டு வாடகை 26,000, அடுக்குமாடிப் பராமரிப்பு 3,000, இரண்டு பிள்ளைகளின் கட்டணத்தையும் வேன் செலவையும் மாதத்துக்குப் பிரித்தால் 16,000, மளிகை, பால், காய்கறிக்கு 14,000, அலுவலகம் போய்வர 5,000, மின்சாரம், எரிவாயு, தொலைபேசி, இணையத்துக்கு 4,000 என்று போட்டால் 68,000 ஆகிறது. இதோடு நின்றுவிடுகிறவர்கள்தான் ஏமாந்துபோகிறார்கள். ஊரில் இருக்கும் பெற்றோருக்கும் பூட்டிய வீட்டுக்கும் மாதம் 6,000, ஆண்டுக்கு ஐந்தாறு முறை குடும்பத்தோடு ஊர் வந்து போவதை மாதத்துக்குப் பிரித்தால் 3,500 என்று சேர்க்கும்போது மொத்தச் செலவு 77,500 ரூபாய். மிச்சம் 7,500 ரூபாய். வருமானம் ஏறக்குறைய இரட்டிப்பாகியும் சேமிப்பு பாதிக்கும் கீழே வந்துவிட்டது. உங்கள் எண்கள் வேறாக இருக்கலாம். ஆனால் இந்தத் தலைப்புகளில் எதையும் விட்டுவிடாதீர்கள். மனைவிக்கு இங்கே ஆசிரியர் வேலையோ தையல் வருமானமோ இருந்தால், அது நின்றுபோவதையும் பற்றில் எழுத வேண்டும்.

முதல் மாதச் செலவைத் தனியாகப் போடுங்கள். பெங்களூரில் வீட்டு அட்வான்ஸாகப் பத்து மாத வாடகை கேட்பதுதான் நெடுநாள் வழக்கம். இப்போது ஐந்தாறு மாதங்கள் என்று இறங்கியிருக்கிறது. தமிழ்நாட்டில் 2017ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது என்கிறது. மத்திய அரசு 2021இல் வெளியிட்ட மாதிரி வாடகைச் சட்டம் குடியிருப்புகளுக்கு இரண்டு மாதம் என்று வரையறுத்தாலும், மாநிலங்கள் ஏற்றால்தான் அது செல்லும். இந்த அட்வான்ஸ், சாமான் லாரி, பள்ளிச் சேர்க்கை எல்லாம் சேர்ந்தால் மேலே சொன்ன குடும்பத்துக்கு எப்படியும் இரண்டரை முதல் மூன்று லட்சம் ரூபாய் வரை முதலிலேயே கையை விட்டுப் போகும். அதைக் கடனாக வாங்கித்தான் போக வேண்டும் என்ற நிலை இருந்தால், ஓர் ஆண்டு தள்ளிப்போடுவதே நல்லது என்பது என் கருத்து.

பணமாக எழுத முடியாதவற்றை அடுத்த பக்கத்தில் எழுதுங்கள். பத்தாண்டு கழித்து அந்தத் துறையில் கிடைக்கக்கூடிய உயர்வு, பிள்ளைகள் பார்க்கப்போகும் உலகம், மனைவி தொடர விரும்பும் படிப்பு ஆகியவை வரவுப் பக்கம். அப்பத்தாவின் பக்கத்தில் பிள்ளைகள் வளர்வது, பங்குனி உத்திரத்துக்குக் குன்றக்குடிக்கு நடந்தே போய்வருவது, நினைத்த நேரத்தில் உடன்பிறந்தார் வீட்டுக்குப் போக முடிவது ஆகியவை பற்றுப் பக்கம். இந்தப் பக்கத்தைக் கணவனும் மனைவியும் ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல் தனித்தனியாக எழுதிவிட்டு, பிறகு சேர்த்து வைத்துப் பார்ப்பது நல்லது. என் வீட்டில் நாங்கள் இதைச் செய்யவில்லை. மனைவியின் மனத்திலிருந்த தயக்கம் எனக்குப் பெங்களூர் போய் எட்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

இரண்டாம் படி: பிள்ளைகளின் வகுப்பைப் பாருங்கள்

எல்லாவற்றையும்விட அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். சம்பளம் குறைந்தால் வேறு வேலை பார்க்கலாம். தவறான வகுப்பில் பிள்ளையை மாற்றினால் அந்த ஆண்டுகள் திரும்பி வரா.

அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளைப் பற்றி முதலில் சொல்கிறேன். தமிழ்நாட்டில் 6ஆம் வகுப்பு முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவச் சேர்க்கையில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. 2021இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய தொழிற்படிப்புகளுக்கும் அது விரிந்தது. நடுவில் இரண்டு ஆண்டுகள் வெளி மாநிலத்தில் படித்துவிட்டு வந்தால் அந்தத் தொடர்ச்சி அறுந்துவிடும். கல்லூரி செல்லும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்துக்கும் 6 முதல் 12 வரை இங்கே படித்திருக்க வேண்டும். நன்றாகப் படிக்கும் பெண் ஒன்பதாம் வகுப்பில் அரசுப் பள்ளியில் இருக்கிறாள் என்றால், அவளை அழைத்துக்கொண்டு போவதால் இழப்பது எவ்வளவு என்பதைப் பெற்றோர் தெரிந்துகொண்டே முடிவெடுக்க வேண்டும்.

தனியார் பள்ளிப் பிள்ளைகளுக்கு வேறு கணக்கு. தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் 8 முதல் 12 வரை இங்கே படித்தவர்களுக்குப் பிறப்பிடச் சான்றிதழ் தேவைப்படுவதில்லை. மருத்துவத்துக்கு 6 முதல் 12 வரை இங்கே படித்திருப்பது நேரான வழி. வெளியே படித்தவர்கள் பிறப்பிடச் சான்றிதழையும் பெற்றோர் இந்த மாநிலத்தவர் என்பதற்கான ஆவணங்களையும் காட்ட வேண்டியிருக்கும். கர்நாடகத்திலோ, மாநில ஒதுக்கீட்டில் தொழிற்படிப்பு இடம் பெறுவதற்கான முதன்மையான வழி, முதல் வகுப்புக்கும் 12ஆம் வகுப்புக்கும் இடையில் குறைந்தது ஏழு கல்வியாண்டுகள் அங்கே படித்து, பத்தாம் வகுப்பையோ 12ஆம் வகுப்பையோ அங்கே தேறியிருப்பது. இவ்விரண்டு விதிகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஐந்தாம் வகுப்பை இங்கே முடித்து ஆறாம் வகுப்பில் பெங்களூரில் சேரும் பிள்ளைக்கு 12 முடியும்போது சரியாக ஏழு ஆண்டுகள் ஆகியிருக்கும். எட்டாம் வகுப்பில் போகிற பிள்ளைக்கு ஐந்துதான் ஆகும்; அங்கும் நேரான வழி இல்லை, இங்கும் சான்றிதழ்களோடு அலைய வேண்டும். ஆகவே மூன்றாண்டுக் கணக்காகப் போகிறவர்கள் பிள்ளை எட்டாம் வகுப்புக்கு வருவதற்குள் திரும்பிவிடும்படி திட்டமிடுங்கள். மருத்துவம் குறி என்றால் ஆறுக்குள் திரும்புங்கள். நெடுங்காலத்துக்குப் போகிறவர்கள் பிள்ளை ஆறாம் வகுப்பில் சேர்வதற்கு முன்பே போய்விடுங்கள்.

அடுத்தது மொழி. கர்நாடகத்தில் 2015ஆம் ஆண்டின் கன்னடக் கற்றல் சட்டப்படி பள்ளிகளில் கன்னடத்தை முதல் அல்லது இரண்டாம் மொழியாகப் படிக்க வேண்டும். ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அதைத் தெருவிலேயே கற்றுக்கொள்வார்கள். ஆறாம் வகுப்பில் போகிற பிள்ளைக்குத் தனிப்பயிற்சி வேண்டும். திரும்பி வரும்போது அதே சிக்கல் மறுபுறம் எழும். 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டப்படி இங்கே பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயம். நான்கு ஆண்டுகள் தமிழ் எழுதாமல் இருந்துவிட்டு ஒன்பதாம் வகுப்பில் வந்து சேரும் பிள்ளை பொதுத்தேர்வில் திணறும். எந்த வகுப்பில் போனாலும் வீட்டில் வாரம் மூன்று நாள் ஒரு பக்கம் தமிழ் எழுத வையுங்கள். அல்சூர் ஏரிக்கருகில் உள்ள பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் 1950இல் தொடங்கப்பட்டது. அந்தப் பக்கம் வீடு பார்க்கிறவர்களுக்கு அது பெரிய துணை.

இந்த இடத்தில் நான் செய்த தவற்றையும் சொல்ல வேண்டும். வேலையில் உடனே சேரச் சொன்னார்கள் என்பதற்காக, ஏழாம் வகுப்பில் காலாண்டுத் தேர்வு முடிந்திருந்த என் மகளை அக்டோபர் மாதத்தில் பள்ளி மாற்றினேன். புதிய பள்ளியில் தமிழ் இல்லை. மேலே சொன்ன கன்னடச் சட்டம் வருவதற்கு முந்தைய காலம் அது. கன்னடம், இந்தி, சமஸ்கிருதம் மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது, அவளுக்கு ஓர் எழுத்துக்கூடத் தெரியாத இந்தியை நானே தேர்ந்தெடுத்தேன். ஐந்தாண்டுகளாக அந்த மொழியைப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளோடு அவள் உட்கார்ந்தாள். எல்லாப் பாடங்களிலும் முதலில் வந்துகொண்டிருந்த பெண், அந்த ஆண்டு முழுவதும் மதிப்பெண் தாளை என்னிடம் காட்டாமல் தன் தாயிடம் மட்டும் காட்டினாள். கல்வியாண்டின் நடுவில் பிள்ளைகளை மாற்றாதீர்கள். வேலை அவசரம் என்றால் வேலைக்குப் போகிறவர் மட்டும் முதலில் போகலாம். இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்லத் தயாராக இருக்கிறேன்.

சிறு பிள்ளைகள் இருந்தால் வயது விதியையும் கேளுங்கள். இங்கே ஐந்து வயது நிறைந்தால் முதல் வகுப்பு. கர்நாடகத்தில் ஆறு வயது நிறைந்திருக்க வேண்டும் என்று விதி கொண்டுவந்து, 2025-26ஆம் கல்வியாண்டுக்கு மட்டும் தளர்த்தினார்கள். இங்கே முதல் வகுப்பு முடித்த குழந்தையை அங்கே மறுபடி முதல் வகுப்பிலேயே உட்காரச் சொல்லும் நிலை வரலாம்.

மூன்றாம் படி: வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள்

‘நீங்கள் வருகிறீர்களா?’ என்று கேட்டால் நம் வீட்டு முதியவர்கள், பிள்ளைக்குச் சங்கடம் வேண்டாம் என்று, வருகிறோம் என்றே சொல்வார்கள். கேட்க வேண்டிய கேள்வி வேறு. காலையில் எழுந்தால் யாரிடம் பேசுவீர்கள், கோயிலுக்கு எப்படிப் போவீர்கள், மருந்து தீர்ந்தால் யாரை அனுப்புவீர்கள் என்று ஒரு நாளை முழுவதுமாக அவர்களோடு சேர்ந்து நினைத்துப் பார்க்க வேண்டும். என் தாயார் எங்களோடு நான்கு மாதங்கள் இருந்தார். நாங்கள் குடியிருந்தது நான்காம் மாடி. மின்தூக்கியில் தனியே ஏற அவருக்குப் பயம். அதனால் நான் அலுவலகத்திலிருந்து வரும்வரை அவர் தரையில் கால் வைத்ததே இல்லை. ஊரில் முகப்பில் உட்கார்ந்தால் தெருவில் போகிற பத்துப் பேரை விசாரித்துக்கொண்டிருக்கும் மனுஷி, அங்கே பால்கனியில் நின்று வண்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார். முதியவர்களை அழைத்துப் போவதானால் தரைத்தளத்தில் வீடு பாருங்கள், வாடகை இரண்டாயிரம் கூடினாலும் பரவாயில்லை.

அவர்கள் ஊரிலேயே இருப்பதானால், யார் தினமும் எட்டிப் பார்ப்பார்கள் என்பதைப் பெயர் சொல்லி முடிவு செய்யுங்கள். ‘அக்கம்பக்கத்தில் பார்த்துக்கொள்வார்கள்’ என்பது ஏற்பாடாகாது. உறவினர் ஒருவர், சம்பளத்துக்கு வரும் உதவியாளர் ஒருவர், அவசரத்துக்கு அழைக்க ஆட்டோக்காரர் ஒருவர் என்று மூன்று எண்களைத் தொலைபேசிக்குப் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். 70 வயது நிறைந்தவர்களுக்கு, வருமான வரம்பு இல்லாமல் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு தரும் மத்திய அரசின் வயவந்தனா அட்டை 2024 முதல் இருக்கிறது. புறப்படுவதற்கு முன் எடுத்துக் கொடுத்துவிடுங்கள்.

நான்காம் படி: முதலில் ஒருவர் மட்டும் போங்கள்

வேலைக்குப் போகிறவர் மூன்று முதல் ஆறு மாதங்கள் தனியாக, விடுதியிலோ நண்பரோடு அறையிலோ தங்கி வேலை பார்க்கட்டும். பயிற்சிக்காலம் முடிந்து வேலை நிலைப்பது அந்தக் காலத்துக்குள் தெரிந்துவிடும். அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் உள்ள தூரத்தைக் கிலோமீட்டரில் பார்க்காமல், காலை ஒன்பது மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் நேரில் பயணம் செய்து மணிக்கணக்கில் பார்க்க வேண்டும். பெங்களூரில் பத்துக் கிலோமீட்டர் என்பது ஒன்றேகால் மணி நேரமாகவும் இருக்கலாம்.

இடையில் பள்ளி விடுமுறையின்போது மனைவியும் பிள்ளைகளும் ஒரு வாரம் அங்கே வந்து இருக்கட்டும். சுற்றிப் பார்க்கும் வாரமாக இல்லாமல், காய்கறி வாங்கி, சமைத்து, பேருந்தில் ஏறி, உத்தேசித்த பள்ளியை வெளியிலிருந்தாவது பார்க்கும் வாரமாக அது இருக்க வேண்டும். அந்த ஒரு வாரத்தில் குடும்பம் தெரிந்துகொள்வதை எந்தக் கட்டுரையும் சொல்லித்தர முடியாது.

காரைக்குடிக்கும் பெங்களூருக்கும் இடையே திருச்சி, சேலம், ஓசூர் வழியாக நானூறு கிலோமீட்டருக்கு மேல். ஒரு இரவுப் பேருந்துப் பயணம். தீபாவளி, பொங்கல் சமயத்தில் பேருந்துக் கட்டணம் ஏறிவிடும். ரயில் முன்பதிவோ 2024 நவம்பர் முதல் 60 நாள் முன்புதான் திறக்கிறது. ஊர்த் திருவிழா, பங்காளி வீட்டுத் திருமணம், பிள்ளையார் நோன்பு என்று நீங்கள் தவறவிடக் கூடாத நாள்களைக் காலண்டரில் குறித்து, அத்தனைக்கும் விடுப்பு கிடைக்குமா என்று எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் பாதிக்குத்தான் கிடைக்கும். எந்தப் பாதி என்பதைப் போவதற்கு முன்பே குடும்பமாகப் பேசிக்கொண்டால் பின்னால் மனத்தாங்கல் குறையும்.

ஐந்தாம் படி: வீடு பார்க்கும்போது

தண்ணீரை முதலில் விசாரியுங்கள். காரைக்குடியின் சம்பை ஊற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்த நமக்கு இது தோன்றாமல் போகும். காவிரிக் குழாய் இணைப்பு இருக்கிறதா, ஆழ்துளைக் கிணறா, லாரித் தண்ணீரா என்று கேளுங்கள். 2024ஆம் ஆண்டுக் கோடையில் பெங்களூரின் பல பகுதிகளில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றி, லாரித் தண்ணீருக்காகக் குடும்பங்கள் தவித்தன. வீட்டுக்காரரிடம் கேட்பதோடு நிறுத்தாமல், அதே கட்டடத்தில் குடியிருக்கும் ஒருவரிடம் ஏப்ரல் மாதத்தில் எப்படி இருந்தது என்று கேளுங்கள்.

ஒப்பந்தத்தில் வெள்ளையடிக்கும் செலவு என்று ஒரு வரி இருக்கும். காலி செய்யும்போது அட்வான்ஸிலிருந்து ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது அங்கே வழக்கம். அதற்கு மேல் எதற்கும் பிடிக்கக் கூடாது என்று எழுதி வாங்குங்கள். எங்கள் வீட்டுக்காரர், நாங்கள் குடிபோகும்போதே விரிசல் விட்டிருந்த கழுவுதொட்டிக்கும் பணம் பிடித்துக்கொண்டார். குடிபோகும் நாளிலேயே எல்லா அறைகளையும் படம் எடுத்து அவருக்கு அனுப்பியிருந்தால் அது நடந்திருக்காது.

வாடகையே இல்லாமல் பெருந்தொகை ஒன்றைக் கொடுத்துக் குடியிருக்கும் போக்கியமும் அங்கே உண்டு. நம் ஊர் ஒத்தியைப் போன்றதுதான். அந்த வீடு ஏற்கெனவே வங்கியில் அடமானத்தில் இருந்தால் உங்கள் பணம் ஆபத்தில் மாட்டும். வில்லங்கம் பார்க்காமல், பதிவு செய்யாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். புதிதாகப் போகிறவர்கள் முதல் ஆண்டு இந்தப் பக்கமே போக வேண்டாம் என்பேன்.

கன்னடம் கற்றுக்கொள்ளுங்கள். காவிரிப் பிரச்சினை சூடேறிய 1991இலும் 2016இலும் அங்கே தமிழர்கள் அச்சத்தோடு இருந்தது உண்மை. சாதாரண நாள்களில் அக்கம்பக்கத்தார் அன்பாகவே பழகுவார்கள் என்பதும் உண்மை. பால்காரரிடமும் பள்ளி ஆயாவிடமும் அவர்கள் மொழியில் நான்கு வார்த்தை பேசுகிற குடும்பத்துக்கு அந்த ஊர் சீக்கிரம் பழகிவிடும். புறப்படுவதற்கு இரண்டு மாதம் முன்பே எண்கள், கிழமைகள், உறவுச் சொற்களிலிருந்து தொடங்கலாம்.

ஆறாம் படி: காகிதங்கள்

புறப்படுவதற்கு முன் ஊரில் எடுத்துக்கொள்ள வேண்டியவை இவை: பிள்ளைகளுக்குச் சாதிச் சான்றிதழ், பிறப்பிடச் சான்றிதழ், பள்ளி மாற்றுச் சான்றிதழ். முதல் இரண்டுக்கும் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். மாற்றுச் சான்றிதழில் கல்வி அலுவலரின் மேலொப்பம் கேட்கும் பள்ளிகள் உண்டு என்பதால், சேரப்போகும் பள்ளியிடம் முன்னதாகக் கேட்டுவிடுங்கள். தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்ட, பட்டியல் வகுப்புச் சான்றிதழ்களைக் கொண்டு வேறு மாநிலத்தின் மாநில அரசுப் பணிகளிலும் மாநில ஒதுக்கீட்டு இடங்களிலும் சலுகை கோர முடியாது. இது பலருக்குத் தாமதமாகத்தான் தெரிகிறது. முதல் படியில் சொன்ன பற்றுப் பக்கத்தில் இதையும் எழுத வேண்டும்.

குடும்ப அட்டையை அவசரப்பட்டு ஒப்படைக்காதீர்கள். ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்தது. ஆனால் முன்னுரிமைக் குடும்ப அட்டையும் அந்தியோதயா அட்டையும் வைத்திருப்பவர்கள் மட்டுமே வெளி மாநிலத்தில் தானியம் வாங்க முடியும். அட்டையில் என்பிஎச்எச் என்று இருந்தால் அது முன்னுரிமையற்ற அட்டை. இங்கே அரிசி கிடைத்தாலும் அங்கே கிடைக்காது. பருப்பு, பாமாயில், பொங்கல் பரிசு எல்லாம் இந்த மாநிலக் கடைகளில் மட்டும்தான். 2023இல் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகையும் இங்குள்ள அட்டையை ஒட்டியதே. பெற்றோர் ஊரில் இருக்கிறார்கள் என்றால் அட்டை அவர்களுக்காவது தொடர வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். அதேபோல் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குக் கீழே உள்ள குடும்பங்களுக்கான முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் தமிழ்நாட்டில் வசிப்போருக்கானது. அதை நம்பியிருக்கும் குடும்பம், நிறுவனம் தரும் காப்பீட்டில் பெற்றோரும் அடங்குவார்களா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

வண்டியை எடுத்துப் போனால், 12 மாதங்களுக்கு மேல் அங்கே வைத்திருக்கும்போது மறுபதிவு செய்ய வேண்டும் என்பது 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம். இங்குள்ள வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தடையில்லாச் சான்று வாங்கி, அங்கே ஆயுள் வரி கட்டிவிட்டு, இங்கே கட்டியதில் மீதிக் காலத்துக்குரியதைத் திரும்பக் கேட்கலாம். பழைய வண்டி என்றால் டிஎன் 63 என்ற நம் மாவட்டப் பதிவெண் கொண்ட அதை ஊரிலேயே விட்டுச் செல்வது செலவு குறைந்த வழி. எரிவாயு இணைப்புக்குச் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து, வைப்புத்தொகையையும் மாற்றுச் சீட்டையும் வாங்கிக்கொள்ளுங்கள். வாக்காளர் பெயர் மாற்றத்துக்குப் படிவம் 8. வருங்கால வைப்பு நிதியும் இஎஸ்ஐயும் பழைய எண்ணிலேயே தொடரும்.

ஏழாம் படி: ஊர் வீடு

செட்டிநாட்டு வீட்டைப் பூட்டிவிட்டுப் போவது மற்ற ஊர்களில் வீட்டைப் பூட்டுவதைப் போன்றதன்று. வளவை (வீட்டின் உள்முற்றத்தை) சுற்றிய ஓட்டுக்கூரையில் ஓர் ஓடு நகர்ந்தாலும், ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்த இடத்தின் உத்தரம் ஊறிப்போகும். முற்றத்து நீர்ப்போக்கியில் இலை அடைத்தால் தண்ணீர் அறைக்குள் வரும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை துடைக்கத் துடைக்கத்தான் மினுங்கும். ஓராண்டு பூட்டிக் கிடந்தால் மங்கிப்போகும். தேக்குத் தூணில் கரையான் ஏறிவிட்டால் அதற்கு ஈடு செய்ய முடியாது. ஆகையால் மாதம் இருமுறை கதவு, சன்னல்களைத் திறந்து, பெருக்கித் துடைத்து, விளக்கேற்றிவிட்டுப் போக ஓர் ஆளை அமர்த்துங்கள். ஆவணி மாதத்துக்குள் கூரையேறிப் பார்க்கும் கொத்தனாருக்கும் சொல்லி வையுங்கள்.

பல பங்காளிகளுக்குப் பொதுவான வீடு என்றால், யார் என்ன செலவை ஏற்பது என்பதைக் கிளம்பும் முன் எல்லோரையும் உட்காரவைத்துப் பேசி எழுதிக்கொள்ளுங்கள். சொத்து வரியையும் மின்கட்டணத்தையும் இணையத்தில் கட்டிவிடலாம். காரைக்குடி 2024இல் மாநகராட்சி ஆகிவிட்டதால் வரி விவரங்களை ஒருமுறை நேரில் சரிபார்ப்பது நல்லது. தனியாக வசிக்கும் சிறு வீட்டுக்காரர்கள் வாடகைக்கு விடுவதானால், பதினொரு மாத ஒப்பந்தமாக விடுங்கள். திரும்பி வருகிற நாளில் நம் வீட்டுக்குள் நாமே நுழைய முடியாத நிலை வரக் கூடாது.

எட்டாம் படி: திரும்பும் நாளை எழுதுங்கள்

மேலே சொன்ன எல்லாவற்றையும் வைத்து ஒரு தாளில் நான்கு வரிகள் எழுதுங்கள்: போகும் மாதம், கணக்கு முடியும் மாதம், அதற்குள் சேர்ந்திருக்க வேண்டிய தொகை, எது நடந்தால் கணக்கு முடியும் முன்பே திரும்பிவிடுவது என்பது. நான்காவது வரியைத் தவறாமல் எழுத வேண்டும். பெற்றோரில் ஒருவர் படுக்கையில் விழுந்தால், பிள்ளை ஓராண்டுக்கு மேலும் பள்ளியில் ஒட்டாமல் இருந்தால், வேலை போய் மூன்று மாதத்தில் அடுத்தது கிடைக்காவிட்டால் என்று அதைத் தெளிவாக எழுதுங்கள். இப்படி எழுதி வைக்காத குடும்பங்கள், ஊரார் என்ன சொல்வார்களோ என்ற கூச்சத்தில், திரும்ப வேண்டிய நேரத்தைத் தாண்டியும் அங்கேயே கடனோடு இருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

கணக்கு முடியும் ஆண்டின் ஐந்தொகையை ஏப்ரலில் எடுக்காதீர்கள். அதற்குள் பள்ளிகளில் இடம் முடிந்திருக்கும். மார்கழி பிறந்ததும் எடுத்துவிடுங்கள். தங்குவது என்று முடிவானால் வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவும், திரும்புவது என்று முடிவானால் தைப் பொங்கலுக்கு ஊர் வரும்போதே காரைக்குடிப் பள்ளிகளில் விண்ணப்பம் வாங்கி, வீட்டுக்காரருக்கு இரண்டு மாத அறிவிப்பும் கொடுத்துவிடவும் அப்போதுதான் நேரம் இருக்கும்.